1,2-டைகுளோரோபுரோப்பேனும் பித்தநாளப் புற்றுநோயும்

1,2-டைகுளோரோபுரோப்பேன் நிறமற்றது, எளிதில் ஆவியாகக்கூடியது, குளோரின் கலந்த கரைப்பான். மண்ணிலுள்ள நூற்புழுக்களைக் கொல்லும் மருந்துகளிலும் பெயின்டை உரித்தெடுக்கும் திரவங்களிலும் முன்பு சேர்க்கப்பட்டது. வேலையிடத்தில் இதன் ஆவியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்குப் பித்தநாளப் புற்றுநோய் வரக்கூடும் என்பது ஜப்பானின் ஒசாகா நகரில் இருந்த ஓர் அச்சகத்தால்தான் உலகுக்குத் தெரியவந்தது.

அங்கே ஆஃப்செட் முறையில் புரூஃப் பிரதிகள் அச்சிட்டார்கள். ஒரு வேலைக்குச் சில பிரதிகளே தேவை என்பதால் மையை ஓயாமல் மாற்ற வேண்டியிருந்தது. மாற்றும் ஒவ்வொரு முறையும், தாளில் மையைப் பதிக்கும் ரப்பர் பிளாங்கெட்டைக் கரைப்பானில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். ஒரு தொழிலாளி நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படித் துடைத்தார். அச்சுக்கூடமோ தரைக்குக் கீழே இருந்தது. வெளியேற வேண்டிய காற்றில் ஒரு பகுதி மறுபடியும் உள்ளேயே வந்தது. காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்குக்கும் மேல் இந்த ஆவி இருந்திருக்கும் என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

பித்தநாளப் புற்றுநோய் பெரும்பாலும் முதுமையில் வருவது. தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் கல்லீரல் தட்டைப்புழுத் தொற்றால் மிகுதியாகக் காணப்படுவது. ஒசாகா தொழிலாளர்களுக்கு நோய் கண்டறியப்பட்டபோது வயது 25 முதல் 45 வரைதான். தொழில்சார் நல ஆய்வாளர் சின்ஜி குமகாயும் அவருடைய குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் 11 நோயாளிகளின் விவரம் இருந்தது. அவர்களில் 6 பேர் இறந்துவிட்டிருந்தனர். 11 பேரும் இந்தக் கரைப்பானுடன் 7 முதல் 17 ஆண்டுகள் வேலை செய்தவர்கள். அதே அச்சகத்தில் நோயுற்றோர் எண்ணிக்கை பின்னர் 17 ஆனது.

உடலிலுள்ள குளூட்டாத்தயோன் என்ற சேர்மத்துடன் இந்தக் கரைப்பான் இணையும்போது உண்டாகும் வினைபுரியும் பொருள்கள் பித்தநாளச் செல்களின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன என்று கருதப்படுகிறது.

மற்றக் கரைப்பான்கள் பலவும் ஜப்பானியத் தொழில் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது இது வெளியே நின்றது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் 1999இல் இதை வகைப்படுத்த இயலாத மூன்றாம் தொகுதியில்தான் வைத்திருந்தது. சான்று போதவில்லை என்பதைத் தீங்கில்லை என்று எடுத்துக்கொண்டதே இந்தத் துயரத்தின் வேர். கட்டுப்பாடு இல்லாத பொருளுக்குக் காற்றோட்டமும் முகக்கவசமும் தேவையில்லை என்று எந்த முதலாளியும் முடிவு செய்யக் கூடாது.

ஜப்பான் அரசு 2013இல் இந்நோயைத் தொழில்நோயாக ஏற்று இழப்பீடு வழங்கியது. அக்டோபரில் கரைப்பானைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 2014இல் பன்னாட்டு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் தொகுதிக்கு மாற்றியது. ஒசாகாவில் இதனுடன் பயன்பட்ட டைகுளோரோமீத்தேனை, அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற 2ஏ தொகுதியில் சேர்த்தது. முதன்முதலில் 1,2-டைகுளோரோபுரோப்பேன் ஆவியைச் சுவாசித்ததிலிருந்து 7 முதல் 20 ஆண்டுகளுக்குப் பிறகே அந்த 11 பேருக்கும் நோய் தெரிந்தது. ஆகவே வேலையை விட்டு விலகியவர்களும் தொடர்ந்து மருத்துவப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.