யோகச் சின்னத்தின் இலக்கணம்: கொல்லிமலை அடிவாரத்தை முன்வைத்து

முன்னுரை

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளியை அடைந்தால், கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. இத்தகைய அடிவார ஊரில் யோகா வகுப்பு தொடங்குகிறவருக்குப் பெயர்ப்பலகைக்கும் நோட்டீசுக்கும் வாட்ஸ்அப் படத்துக்கும் ஒரு சின்னம் தேவைப்படுகிறது. தாமரை, ஓங்காரம், பத்மாசனத்தில் அமர்ந்த உருவம் மூன்றையும் அடுக்கிவிடுவது பரவலான வழக்கம். உருக்களைச் சேர்ப்பதால் மட்டும் சின்னம் பொருள் பெறுவதில்லை, அவற்றுக்கு இடையே உள்ள உறவே பொருள் தருகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

1. உருக்களும் மரபும்

1.1 தாமரை: யோக மரபில் உடலின் ஒவ்வொரு சக்கரமும் ஒரு தாமரை; அதன் இதழ்களுக்கு எண்ணிக்கை உண்டு. மூலாதாரத்துக்கு 4, சுவாதிட்டானத்துக்கு 6, மணிபூரகத்துக்கு 10, அனாகதத்துக்கு 12, விசுத்திக்கு 16, ஆக்ஞைக்கு 2 எனக் கூட்டினால் 50 வரும். இந்த 50 இதழ்களும் வடமொழி எழுத்துகளோடு பொருத்தப்படுகின்றன. ஆகவே இதழ்களை எண்ணாமல் வரைந்த தாமரை அலங்காரமாக மட்டுமே நிற்கும்.

1.2 பாம்பு: சுருண்டு கிடக்கும் குண்டலினியின் உரு இது. தமிழகத்தில் இதற்கு இன்னொரு வேரும் உண்டு. தில்லைக் கூத்தைக் கண்டவராகப் போற்றப்படும் பதஞ்சலி, இடுப்புக்கு மேல் மனிதராகவும் கீழே பாம்பாகவும் வடிக்கப்படுகிறார்.

1.3 முக்கோணம்: மேல்நோக்கியது சிவம், கீழ்நோக்கியது சத்தி. இரண்டும் பின்னிய அறுகோணம் அனாகதத்தின் நடுவில் அமைகிறது. முருக வழிபாட்டில் அதே வடிவம் சரவணபவ எந்திரமாகிறது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் அட்டாங்க யோகத்தையும் நான்காம் தந்திரம் எந்திரச் சக்கரங்களையும் விரிப்பதால், கோடும் கோணமும் தமிழ் யோகத்துக்குப் புதியவை அல்ல.

2. நிறுவனங்களின் சின்னங்கள்

2.1 இராமகிருஷ்ண இயக்கம்: இதன் சின்னத்தை வகுத்தவர் விவேகானந்தர். அலைநீர் கருமம், தாமரை பக்தி, எழும் ஞாயிறு ஞானம், சுற்றி வளைத்த பாம்பு யோகமும் குண்டலினியும், நடுவில் நிற்கும் அன்னம் பரமான்மா. நான்கு வழிகளும் கூடும்போது பரம்பொருளை அடையலாம் என்பது அவர் தந்த விளக்கம். ஒன்றை எடுத்துவிட்டாலும் வாக்கியம் முறிந்துபோகும்.

2.2 அரவிந்தர் சின்னம்: கீழிறங்கும் முக்கோணம் சத்து, சித்து, ஆனந்தம். மேலேறும் முக்கோணம் வாழ்வு, ஒளி, அன்பு என்னும் வடிவில் பருப்பொருளிலிருந்து எழும் மறுமொழி. இரண்டும் சந்திக்கும் சதுரத்தில் நீரும் தாமரையும் உள்ளன. அவர் யோகத்தின் சாரமான ஏற்றமும் இறக்கமும் இங்கே வடிவமாகின்றன.

2.3 சச்சிதானந்தர்: கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 1914இல் பிறந்த இவர், 1966இல் அமெரிக்காவில் இன்டெக்ரல் யோகா நிறுவனத்தைத் தொடங்கினார். நடுவில் எந்திரமும் சுற்றிலும் பல சமயங்களின் குறிகளும் கொண்ட இவர் இயக்கத்தின் சின்னம், பாதை பல, உண்மை ஒன்று என்ற கொள்கையைச் சொல்கிறது. வர்ஜீனியாவில் 1986இல் திறக்கப்பட்ட இவ்வியக்கத்தின் கோயில் தாமரை வடிவிலேயே எழுந்தது.

2.4 உலக யோகா நாள்: ஐ.நா. பொதுச்சபை 2014 டிசம்பர் 11இல் ஏற்ற இந்நாள், 2015 ஜூன் 21இல் முதன்முறை கொண்டாடப்பட்டது. அதன் சின்னத்தில் கூப்பிய கைகள் இணைவையும், பழுப்பு இலை மண்ணையும், பச்சை இலை இயற்கையையும், சூரியன் ஆற்றலையும் குறிக்கின்றன.

நான்கிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு வேலை இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரே கருத்தைச் சொல்கின்றன.

3. கொல்லிமலை தரும் உருக்கள்

மலைமேல் அறப்பளீசுவரர் கோயில், ஆகாய கங்கை அருவி, சித்தர்கள் தங்கியதாகச் சொல்லப்படும் குகைகள், மூலிகைக் காடு ஆகியவை உள்ளன. அருவியும் குகையும் சுற்றுலா விளம்பரத்துக்கும் பொருந்துபவை என்பதால், யோகத்தைத் தனித்துச் சுட்டும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு.

வலுவான உரு வில். கொல்லியை ஆண்டவன் வல்வில் ஓரி. புறநானூறு 152ஆம் பாடலில் வன்பரணர் பாடும் வேட்டுவனின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துச் செல்கிறது. அவ்வேட்டுவனை ஓரி என்றே கொள்வர். பல இலக்குகளை ஒரே கோட்டில் கொண்டுவரும் அந்த ஒருமுகப்பாடு யோகத்துக்கும் உரியது.

ஆனால் ஒரு தடை உண்டு. அட்டாங்க யோகத்தின் முதற்படியான யமத்தில் முதல் உறுப்பு கொல்லாமை. வேட்டை வில் அதற்கு முரண். இதற்குத் தனுராசனத்திலேயே விடை இருக்கிறது. அதில் உடல் வில்லாகிறது, கணுக்காலைப் பற்றிய கைகள் நாணாகின்றன; அம்புக்கு இடமே இல்லை. ஒரு வளைகோடும் ஒரு நேர்கோடும் போதும். ஊரின் வரலாறும் ஆசனமும் கொல்லாமையும் ஒரே வடிவில் அடங்குகின்றன. நகத்தளவுக்குச் சுருக்கினாலும் உரு கலங்காது.

4. சட்டத்தின் எல்லை

1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின்படி யோகப் பயிற்சி 41ஆம் வகுப்பில் பதிவாகிறது. சென்னையிலும் பதிவகம் உண்டு. பிறரிலிருந்து வேறுபடுத்திக் காட்ட இயலாத குறியையும், அத்தொழிலில் பொதுவழக்காகிவிட்ட குறியையும் 9(1) பிரிவு தடுக்கிறது. சமய உணர்வைப் புண்படுத்தக்கூடியதை 9(2) தடுக்கிறது. ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற புனித நூலின் பெயரைத் தனியுரிமையாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. எல்லாரும் வைக்கும் தாமரையும் ஓங்காரமும் கருத்தளவில் மட்டுமன்றிச் சட்டத்தின் முன்னும் பலவீனமான குறிகளே.

முடிவுரை

சிறிய யோக நிலையம் தன் சின்னத்தை மூன்று கேள்விகளால் சோதிக்கலாம். ஒவ்வோர் உறுப்புக்கும் வேலை உண்டா? உறுப்புகள் சேர்ந்து ஒரே வாக்கியமாகின்றனவா? அந்த வாக்கியம் இந்த ஊருக்கும் இந்தப் பயிற்சிக்கும் உரியதா? மூன்றுக்கும் ஆம் என்று சொல்ல முடியாத சின்னத்தைப் பலகையில் எழுதுவதைவிட, ஆசிரியர் தம் பெயரையும் வகுப்பு நேரத்தையும் தெளிவாக எழுதி வைப்பதே மேல்.