கைக்கடிகாரம் நோயை முந்துமா? அக்குறணையிலிருந்து ஒரு மறுவாசிப்பு

நாடியைக் கொண்டு காய்ச்சலைக் கணிப்பது பழைய கலை. உடல் வெப்பம் ஒரு செல்சியஸ் பாகை ஏறினால் நாடி நிமிடத்துக்குச் சுமார் 8 துடிப்பு கூடும் என்று 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மன் வைத்தியர் லீபர்மைஸ்டர் வகுத்த விதி இன்றும் பேசப்படுகிறது. ஸ்மார்ட் கடிகாரங்கள் அந்த விதியின் வாரிசுகள். ஆனால் அவற்றின் வரலாற்றைச் சொல்வோர் பலரும் 2020 நவம்பரில் வெளியான, மைக்கேல் ஸ்னைடர் குழுவின் ஸ்டான்ஃபோர்ட் ஆய்விலிருந்தே தொடங்குகிறார்கள். அறிகுறிக்கு முன்பே கடிகாரம் கொவிட்டைக் கண்டது என்ற அதன் வாசிப்பு எனக்கு உடன்பாடானதல்ல.

பங்கேற்ற 5,000க்கும் மேற்பட்டோரில், ஆராயப்பட்ட தொற்றாளர்கள் 32 பேர்தான். அவர்களில் 26 பேரிடம் நாடி, நடை, தூக்கத்தில் மாற்றம் தெரிந்தது. நால்வரிடம் அது அறிகுறிக்குக் குறைந்தது 9 நாள் முன்னரே தெரிந்ததாம். இங்கேதான் இடறுகிறது. அன்றைய கொவிட்டின் நோயரும்பு காலம் சராசரியாக 5 நாள் அளவு. 9 நாளைத் தாண்டுவது நடக்காததல்ல, ஆனால் சிலருக்கே. அந்த நால்வரின் நாடி வேறு காரணத்தால் ஏறியிருக்கலாம். அறிகுறி தொடங்கிய நாளை அவர்கள் பிந்திச் சொல்லியிருக்கலாம். தொண்டை கரகரத்தது வியாழனா வெள்ளியா என்பதை நினைவிலிருந்துதானே சொல்கிறோம்? அந்தத் திகதிகளை இனி யாரும் சரிபார்க்க வழியில்லை. அதே குழு 2022இல் 3,318 பேரிடம் நிகழ்நேரத்தில் சோதித்ததை வெளியிட்டபோது, 84 தொற்றாளர்களில் 67 பேருக்கு எச்சரிக்கை போயிருந்தது. மனஅழுத்தம், மது, பயணம், தடுப்பூசி ஆகியவற்றுக்கும் அதே எச்சரிக்கை போனது. குழுவே இதை எழுதியிருக்கிறது; மேற்கோள் காட்டுவோர்தான் விட்டுவிடுகிறார்கள்.

இவற்றைவிட என்னை நிறுத்தியது முதல் ஆய்வின் ஒரு சிறு கணக்கு: ஒருவரின் ஓய்வுநிலை நாடியை அவருடைய முந்தைய 28 நாள் சராசரியோடு ஒப்பிடுவது. அந்த 28 நாளும் வழமையான நாட்கள் என்று கணக்கு நம்புகிறது. கண்டி மாவட்டத்தின் அக்குறணையில் நான் நினைப்பது றமழான் நோன்பை; அது 29 அல்லது 30 நாள். இரவில் தராவீஹ் தொழுகை, விடியுமுன் சஹர் உணவு, இடையில் துண்டுபட்ட தூக்கம். மற்ற மாதங்களில் நாடி தாழ்ந்திருக்கும் நேரத்தில் வயிறு நிறைந்திருக்கும். நோன்பின் முதல் வாரத்தில் கடிகாரம் வீணாக அலறும், பெருநாளுக்குப் பிறகு உண்மையான ஏற்றத்தையும் தவறவிடும் என்பது என் வாதம். அளந்து நிறுவியதல்ல, ஊகம்தான். ஆனாலும் வலுவான ஊகம். 2020 இதை இன்னும் சிக்கலாக்கியது. மார்ச் இறுதியில் தொற்றாளர் ஒருவர் அடையாளம் காணப்பட்டு ஊர் முற்றாக மூடப்பட்டது. ஏப்ரல் இறுதியில் நோன்பு வந்தது. அதற்கு முந்தைய நான்கு வாரங்களும் கடையும் நடையும் குறைந்த நாட்கள். எதை வழமை என்று எடுப்பது?

டெங்குவுக்கு வந்தால் லீபர்மைஸ்டர் விதியே தளர்கிறது. 2017இல் இலங்கையில் பதிவான டெங்கு நோயாளர் 186,101 பேர். காய்ச்சலின் அளவுக்கு நாடி ஏறாத நிலை டெங்குவில் உண்டு என்று சிங்கப்பூர் வைத்தியர்கள் 2007இல் எழுதினார்கள். ஆபத்தோ காய்ச்சல் இறங்கும்போது வருகிறது: குருதி நீர் கசிந்து, மேல், கீழ் இரத்த அழுத்தங்களின் இடைவெளி 20 மில்லிமீற்றருக்குச் சுருங்கும். துடிப்பை எண்ணும் கடிகாரத்துக்கு இந்தச் சுருக்கம் நேரடியாகத் தெரியாது. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் துடிப்பலையின் வடிவத்தையே படிக்கும் உடலணி கருவிகளை டெங்கு நோயாளரிடம் சோதித்திருக்கிறார்கள். கண்டி மாவட்டத்துக்கு ஸ்டான்ஃபோர்டைவிட அதுவே கிட்டிய முன்னோடி என்பேன். ஆனால் அங்கே அளந்தது வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தவர்களை. மாத்தளை வீதியில் கடை திறக்கப் போகிறவரின் கையில் அது என்ன காட்டும் என்பது வேறு கேள்வி.