கடைச் சிப்பந்தியாக வந்த பி.ஜி.பி. ஐயா



தைப்பூசத்துக்குச் சிங்கப்பூர் போனவங்க, காவடிகள் புறப்படுற சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலின் இராஜகோபுரத்தைப் பார்த்திருப்பீங்க. அது எழுந்தது பி. கோவிந்தசாமிப் பிள்ளை ஐயாவின் கொடையால். பி.ஜி.பி. திருமண மண்டபமும் அவர் பெயரில்தான்.

1887-இல் பிறந்த ஐயா, 1905-இல் கப்பலேறி வந்து மளிகைக் கடைச் சிப்பந்தியா நின்னவர். பிறகு மளிகை, துணி வியாபாரத்தில் உயர்ந்து, 1980-இல் இறைவனடி சேர்ந்தார்.

அந்த வேலையின் அருமை நம்ம தாத்தாக்களுக்குத் தெரியும். விடியலில் கடை திறக்கணும், மூட்டை தூக்கணும், கடன் நோட்டு எழுதணும், சம்பள நாளில் தோட்டம் தோட்டமா வசூலுக்கு அலையணும். ஓய்வு பெற்ற பிறகும் பேரப்பிள்ளைக்குக் கச்சானை நாளிதழ்த் தாளில் கூம்பாச் சுருட்டித்தான் கொடுப்பாங்க.

பி.ஜி.பி. ஐயா பெயர் மண்டபத்தில் நிக்குது. நம்ம தாத்தாக்கள் மாதாமாதம் கொடுத்த அஞ்சு வெள்ளி, பத்து வெள்ளி எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அவங்களை நேரில் பார்த்தவங்களும் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.

பண்டார் தெங்காரா அன்பர்களே, உங்க தாத்தா எந்தக் கடையில், எந்தத் தோட்டத்தில், எத்தனை வருஷம் உழைச்சாருன்னு ஒரு தாளில் எழுதி, வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது எங்ககிட்டக் கொடுங்க. சேர்த்து வைக்கிறோம்.