இணைய எழுத்துக் கூலியின் வரலாறு

நிறுவனங்களுக்காகக் கட்டுரை எழுதும் தொழில் இணையத்துக்கு மூத்தது. அமெரிக்காவின் வேளாண் கருவி நிறுவனமான ஜான் டியர் 1895இல் தொடங்கிய ‘தி ஃபரோ’ இதழ் உழவருக்கு வேளாண்மை சொல்லிக்கொடுத்தது. கலப்பை விற்பனை அதில் இரண்டாம் இடம்தான். இன்றைய நிறுவன வலைப்பதிவுகள் அந்த வழியில் வந்தவையே.

1999இல் பிளாகர் என்ற வலைப்பதிவுத் தளம் வந்ததும் வெளியிடுவது எளிதாயிற்று. எலான்ஸும், 2003இல் வந்த ஓடெஸ்க்கும் ஆகிய இணையத் தளங்கள் எழுதுபவரையும் கூலி தருபவரையும் இணைத்தன. இரண்டும் பின்னர் ஒன்றாகி, 2015இல் அப்வொர்க் என்று பெயர் மாறின.

புதியவர்கள் பெருமளவில் தொழில் பழகிய இடம், 2006இல் உருவான டிமாண்ட் மீடியா நிறுவனம். மக்கள் எதைத் தேடுகிறார்கள், அதற்கு எவ்வளவு விளம்பர வருவாய் கிடைக்கும் என்று கணினி கணக்குப் போட்டுத் தலைப்புகளைத் தரும். எழுத்தாளர் அவற்றில் ஒன்றை எடுத்து, ‘எப்படிச் செய்வது’ என்ற பாணியில் படிப்படியாக எழுதித் தருவார். கட்டுரைக்குப் பெரும்பாலும் 15 டாலர்தான். அந்தக் கூலிக்கு ஆழ்ந்து ஆராய நேரமேது? தரம் சரிந்ததற்கு எழுதியவர்கள்மீது பழி போடுவது நியாயமில்லை.

2011 பிப்ரவரியில் கூகுள் கொண்டுவந்த ‘பாண்டா’ மாற்றம் மேலோட்டமான பக்கங்களைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளியது. அத்தகைய கட்டுரை வேலைகள் சுருங்கின. அதன்பின் பொருள் விவரணை, மின்னஞ்சல் மடல், வாடிக்கையாளர் அனுபவக் கட்டுரை, தொழில்நுட்பக் கையேடு என ஒவ்வொன்றும் தனித் திறனாக மதிக்கப்படத் தொடங்கியது. 2022 நவம்பரில், கேட்டதை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி வந்தபின், முதலில் விலை இழந்தவை துறையறிவு தேவைப்படாத பொதுக் கட்டுரைகளே.