எடுக்காத படம்

1950 ஏப்ரல் 14 இரவு. திருவண்ணாமலையில் தங்கியிருந்த ஃபிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன், நீண்ட வாலுடைய ஒளியொன்று தெற்கிலிருந்து மெதுவாக நகர்ந்து மலைக்குப் பின்னால் மறைவதைக் கண்டார். உடனே கடிகாரத்தைப் பார்த்தார்: 8.47. ரமணர் மறைந்த நேரம். அந்த ஒளி, அவர் சொன்ன சொல்லாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது, படமாக அல்ல.

பதினோரு நாள் கழித்து, அப்போது ஃபிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்தார். நாற்காலியில் அசையாது அமர்ந்த உருவம். அவ்வாண்டு டிசம்பர் 5-இல் அரவிந்தரும் மறைந்தார்.

கணத்தைப் பிடிக்கும் கலைஞன் என்று பெயர் வாங்கியவர் ப்ரெஸ்ஸோன். அதை விரலின் வேகம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் அவர் ஆந்த்ரே லோத்திடம் ஓவியம் பயின்றவர். உருவ அமைப்பின் கணக்கு காமிராவுக்கு முன்பே அவர் கண்ணில் இருந்தது. காமிரா இல்லாமலும் பார்க்கத் தெரிந்தவர் என்பதற்கு அந்தத் திருவண்ணாமலை இரவே சாட்சி என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்ற ஞாயிறு வீராம்பட்டினக் கரையில், இரவல் காமிராவில் முப்பதுக்கு மேல் படங்கள் எடுத்தேன். சூரியன், படகு, தென்னை: அத்தனையும் காலண்டர். நான் தேடியது படத்தை. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் அவ்வப்போது நிமிர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு, காமிராவைப் பையிலேயே வைத்துவிட்டு, அவரருகே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.