அருவியை அளக்கப் புறப்பட்டவர்கள்

உலகிலேயே உயரமான நீர்வீழ்ச்சி எது என்று வகுப்பில் கேட்டால் ‘ஏஞ்சல்’ என்று உடனே விடை வரும். உயரம் 979 மீட்டர் என்றும் சில மாணவர்கள் சொல்வார்கள். அடுத்து, “அதை அளந்தவர் யார்? எப்படி அளந்தார்?” என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். நாம் மனப்பாடம் செய்யும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் யாரோ சிலரின் உழைப்பு இருக்கிறது. 979 என்ற எண்ணுக்குப் பின்னால் இருப்பது ஒரு காட்டுப் பயணம்.

தென் அமெரிக்காவில், வெனிசுவேலா நாட்டின் தென்கிழக்கில், மேசைபோல் தட்டையான உச்சியும் செங்குத்தான சுவர்களும் கொண்ட மலைகள் உள்ளன. அங்கு வாழும் பெமோன் மக்கள் இவற்றை டெப்புயி என்பர். அவுயான் டெப்புயி என்னும் மலையிலிருந்து விழுவதே நம் அருவி. பெமோன் மக்கள் தொன்றுதொட்டு அறிந்த இதற்கு அவர்கள் வழங்கும் பெயர் கெரெபாகுபாய் மெரு.

விமானி கண்ட அருவி

‘ஏஞ்சல்’ என்பது தேவதையைக் குறிக்க வைத்த பெயரன்று. ஜிம்மி ஏஞ்சல் என்ற அமெரிக்க விமானியின் பெயர் அது. 1933-ஆம் ஆண்டு நவம்பரில் தங்கம் தேடிப் பறந்தபோது அவர் இந்த அருவியைக் கண்டார். 1937 அக்டோபர் 9 அன்று, மனைவி மரியும் வேறு இருவரும் உடன்வர, மலையுச்சியிலேயே விமானத்தை இறக்கினார். சக்கரங்கள் சேற்றில் புதைந்தன. விமானம் மீண்டும் எழவில்லை.

நால்வரும் 11 நாட்கள் நடந்து மலையிலிருந்து இறங்கி ஊர் சேர்ந்தனர். இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. அவர்களுள் ஒருவரான குஸ்தாவோ ஹெனி, மலையின் தென்புறத்தை முன்னரே கால்நடையாக ஆராய்ந்திருந்தார். ஏறும்முன் இறங்கும் வழியை எண்ணிப் பார்த்தவர் உடனிருந்ததால் நான்கு உயிர்கள் பிழைத்தன. தங்கம் கிடைக்கவில்லை. மலைமேல் தங்கிவிட்ட விமானத்தை 1970-இல்தான் ஹெலிகாப்டர் மூலம் இறக்கினர்.

அருவி புகழ் பெற்றது. ஆனால் அதன் உயரம் மதிப்பீடாகவே இருந்தது. பறக்கும் விமானத்திலிருந்து பார்ப்பவருக்கு அருகில் ஒப்பிட மரமோ வீடோ தெளிவாகத் தெரிவதில்லை. கண் எளிதில் ஏமாறும். உயரத்தைத் துல்லியமாகச் சொல்ல வேண்டுமானால், யாராவது கருவியோடு அருவியின் அடிக்குச் செல்ல வேண்டும்.

எப்போது போவது?

அந்தப் பயணத்தைத் திட்டமிட்டவர் ரூத் ராபர்ட்சன் என்ற அமெரிக்கப் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். 1949-இல் அவர் அமைத்த குழுவில் காட்டுவழி அறிந்த அலெக்சாந்தர் லைமே வழிகாட்டியாகவும், பெர்ரி லோரி என்ற பொறியாளர் அளவையாளராகவும் இருந்தனர். ஆற்றையும் காட்டையும் நன்கறிந்த உள்ளூர் மக்களும் உடன் சென்றனர். அவர்கள் இல்லாமல் இப்பயணம் நடந்திருக்க முடியாது.

இத்தகைய பயணத்தின் முதற்சிக்கல் காலத்தைத் தேர்வது. அருவிக்குச் சாலை கிடையாது. மரத்தைக் குடைந்து செய்த படகில் ஆற்றை எதிர்த்துச் செல்ல வேண்டும். கோடையில் ஆற்றில் நீர் குறைந்து படகு பாறையில் தட்டும், அருவியும் மெலிந்துவிடும். மழைக்காலத்தில் ஆறு நிரம்பும். ஆனால் மலையை மேகம் மூடிக்கொள்ளும். உச்சி தெரியாவிட்டால் கோணம் அளப்பது எப்படி? படகுக்கு மழை வேண்டும், கருவிக்கு வெயில் வேண்டும்! குழு ஏப்ரல் இறுதியில், மழை தொடங்கும் தறுவாயில், புறப்பட்டது. படகு செல்ல இயலாத இடத்திலிருந்து காட்டில் வழி உண்டாக்கிக்கொண்டு, மே மாதம் அருவியின் அடியை அடைந்தது.

நாடா எட்டாத உயரம்

அடியை அடைந்துவிட்டால் போதுமா? 807 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர், காற்றே இல்லையெனில் சுமார் 13 விநாடியில், விநாடிக்கு ஏறத்தாழ 126 மீட்டர் வேகத்தோடு தரையைத் தாக்கும். உண்மையில் காற்றின் தடையால் நீர்த்தாரை உடைந்து துளிகளாகிறது. அவற்றுள் பல பனிப்புகைபோல் காற்றில் பரவுகின்றன. இத்தகைய இடத்தில் பாறைச் சுவர் வரை அளவு நாடா பிடித்துச் செல்வது எளிதன்று.

இங்கே கைகொடுப்பது முக்கோண அளவை. தரையில் ‘அ’, ‘ஆ’ என்று இரு இடங்களைக் குறித்து, இடைத்தொலைவை மட்டும் நாடாவால் அளந்துகொள்ள வேண்டும். இதுவே அடிக்கோடு. இரு முனைகளிலிருந்தும் தியோடலைட் என்னும் கோணமானியால் உச்சியை நோக்கிக் கோணங்களை அளந்தால், அருவி எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது கணக்கில் கிடைத்துவிடும். பிறகு ஏற்றக் கோணத்தின் டேன்ஜன்ட் மதிப்பால் தொலைவைப் பெருக்கினால், கருவியின் மட்டத்திற்கு மேல் உள்ள உயரம் வந்துவிடும்.

இதில் கவனம் எவ்வளவு தேவை என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1000 மீட்டர் தொலைவில் நின்று 45 டிகிரி கோணம் காண்கிறோம் என்க. உயரம் 1000 மீட்டர். கோணத்தில் ஒரு டிகிரி பிழைத்தால் உயரத்தில் சுமார் 35 மீட்டர் பிழை நேரும். பிழை ஒரு கலை, அதாவது டிகிரியில் 60-இல் ஒரு பங்கு மட்டுமே என்றால், உயரத்தின் பிழை அரை மீட்டரைச் சற்றே தாண்டும். கனமான கருவியைக் காட்டினூடே சுமந்து சென்றதன் பயன் இதுதான்.

இரண்டு எண்கள்

லோரி கண்ட முடிவு இரண்டு எண்களாக வந்தது. மொத்த உயரம் 979 மீட்டர். இடையில் தடையின்றி விழும் பகுதி 807 மீட்டர். எஞ்சியது கீழே பாறைச் சரிவில் நீர் தாவி இறங்கும் பகுதியும் ஒரு சிறு வீழ்ச்சியும் ஆகும். “எவ்வளவு உயரம்?” என்று கேட்பவர் “எங்கிருந்து எதுவரை?” என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டு ஜோக் அருவி 253 மீட்டர். ஏஞ்சலின் தடையற்ற வீழ்ச்சி மட்டுமே அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். ராபர்ட்சனின் கட்டுரை 1949 நவம்பரில் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் வெளிவந்தது. அந்த அளவுகளே இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகின்றன.

சென்ற ஆண்டு என் மாணவர்களோடு ஒரு மலையருவிக்குச் சென்றிருந்தேன். அதன் உயரம் என்னவென்று கேட்டதற்கு ஐந்து பேர் ஐந்து விடை சொன்னார்கள். எங்களிடம் ஒரு கோணமானிகூட இல்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை மறவாமல் எடுத்துச் சென்ற நாங்கள், அதை மறந்துவிட்டோம்! அடுத்த முறை அருவி காணப் புறப்படும்போது, ஒரு பாகைமானி, நூல், சிறு கல், அளவு நாடா ஆகியவற்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது கேட்டறிந்த ஓர் எண்ணைவிட, நீங்களே கண்டறிந்த ஓர் எண் உங்களிடம் இருக்கும்.