இரும்பில் எழுதிய கணக்கு

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கில எழுத்துப் பொறித்த நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. 1803 ஒக்டோபர் 31ஆம் நாள் அவ்விடத்தருகே கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்பதே அது கூறும் செய்தி. தோற்றவனை நாம் அறிவோம். அவனுக்கு வவுனியாவில் சிலை எடுத்தோம். அவனைப் பற்றி நாடகங்கள் எழுதி நடித்தோம். வென்றவன் யார் என்று கேட்டோமா? ‘வொன்’ என்பது ஜேர்மானியக் குடிப்பெயர்களில் வரும் முன்னொட்டு. ஜேர்மன் அரசு எதுவும் வன்னிமீது படையெடுத்ததில்லை. அங்ஙனமிருக்க, ஜேர்மானியப் பெயர் வன்னிக் கல்லில் ஏறியது எவ்வாறு?

விடை அக்காலத்து ஆள் வாணிபத்தில் இருக்கிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் படைக்கு ஜேர்மன் நாடுகளின் வறியோரைப் பெருந்தொகையாகச் சேர்த்தது. வுர்ட்டெம்பேர்க் கோமகன் கார்ல் ஒய்கன் 1786இல் ஒப்பந்தம் எழுதி, ஏறத்தாழ 2,000 பேர் கொண்ட படையையே அக்கம்பெனிக்கு வாடகைக்கு விட்டான். அவர்களுள் ஒரு பகுதியினர் இலங்கைக்கும் வந்தனர். ஊர் திரும்பியோர் மிகச் சிலரே. இக்கொடுமையைக் கவிஞன் ஷூபார்ட் பாட்டாக்கினான். அவனோ அதே கோமகனின் சிறையில் பத்தாண்டு கிடந்தவன். சுவிஸ் நாட்டு டி மெயுறோன் படை 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. சம்பளம் கொடுக்கும் கை மாறியதும் சுடப்படும் பகைவனும் மாறினான்.

1803இல் ஆங்கிலேயர் கண்டிமீது படையெடுத்துப் பேரழிவுற்றனர். அவ்வாண்டு ஆகஸ்டில் பண்டாரவன்னியன் கண்டியர் துணையோடு முல்லைத்தீவைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கிருந்த சிறு காவற்படை, டிறிபேர்க் தலைமையில் தோணியேறி யாழ்ப்பாணம் சென்றது. இரண்டு மாதங்களின்பின் அதே டிறிபேர்க் படையோடு திரும்பிக் கற்சிலைமடுவில் விடியற்காலையில் திடீர்த் தாக்குதல் நடத்தினான். அந்நாளில் இலங்கையிலிருந்த ஆங்கிலேயப் படையில் மலாயரும் இந்தியச் சிப்பாய்களும் கணிசமாக இருந்தனர். ஆணையிட்டவன் பெயர் கல்லில் நின்றது. ஆயுதம் தாங்கியவர் பெயர் ஒன்றேனும் அதில் இல்லை.

அவர்கள் தாங்கிய ஆயுதத்தின் முனையில் இருந்ததே துப்பாக்கிச் சனியன். அக்காலத்துச் சனியன், குழல்வாயில் மாட்டும் ஒரு வளையக் குழாயும், அதன் பக்கமாக விலகி நீண்ட முப்பட்டை அலகும் கொண்டது. அலகு விலகி நின்றமையாலேதான் அதை மாட்டிய நிலையிலும் குழல்வாயால் மருந்தும் குண்டும் இட முடிந்தது. ஒரு முறை சுட்டபின் மீண்டும் மருந்திட நேரம் பிடித்த அந்நாளில், துப்பாக்கியையே ஈட்டியாக்கியது இச்சிறு இரும்பு.

பிற்கால ஜேர்மன் சனியனின் உரு வேறு. 98/05 என்னும் வகை வாள் போன்றது. நுனிப்பக்கம் அகன்று இறைச்சிக்கடைக் கத்தியை நினைவூட்டும். அதன் அடிப்பகுதியில் தொழிலதிபனின் பெயரும் சோலிங்கன் முதலிய ஊரின் பெயரும் இருக்கும். அலகின் முதுகில் முடியும், அதன்கீழ் அரசன் பெயரின் முதலெழுத்தும், ஆண்டின் ஈரிலக்கமும் காணலாம். வில்ஹெல்மின் முதலெழுத்தோடு 15 என்றிருப்பின் 1915இல் பிரஷ்ய அரசு ஏற்ற ஆயுதம். சில சனியன்களின் முதுகில் மரமறுக்கும் வாட்பற்கள் இருந்தன. அவை கொடுமைக் கருவிகள் என்று எதிர்த்தரப்பார் பறைசாற்றவே, 1917 முதல் பற்கள் அராவி நீக்கப்பட்டன. அராவிய தடத்தையும் இன்று ஆராய்வோர் தேடுவர். நாஜிகள் காலத்தில், 1940க்குப் பின், தொழிலதிபனின் பெயர் மறைந்து எழுத்துக் குறி வந்தது.

இக்குறிகளைப் படிக்கப் பழகுவது நல்ல பயிற்சியே. ஆனால் சேகரிப்போர் பலர் குறியோடு நின்றுவிடுகின்றனர். அரிய குறி, துருப்பிடிக்காத அலகு, அதற்கேற்ற விலை! செய்வித்தவன், ஏற்றுக்கொண்ட அரசு, படைப்பிரிவு ஆகிய அனைத்தும் இரும்பில் உண்டு. பட்டறையில் அதைத் தீட்டியவன் பெயர் இல்லை. அதை ஏந்திய உழவன் மகன் பெயர் இல்லை. அதன் முனையில் வீழ்ந்தவன் பெயரும் இல்லை. கற்சிலைமடுக் கல்லின் கணக்கும் இதுவே.

2009இல் முடிந்த போரின் பின் வன்னி மண்ணிலும் இரும்பு மலிந்தது. பழைய இரும்புக்காக அதைப் பொறுக்கச் சென்று கையும் காலும் இழந்தோர் உளர். ஆகவே ஆசிரிய நண்பர்கள் மாணவரிடம் முதலிற் சொல்ல வேண்டியது, ‘தொடாதே, உரியவர்க்கு அறிவி’ என்பதே. உழும்போதோ கிணறு வெட்டும்போதோ பழம்பொருள் வெளிப்பட்டாலும் அவ்வாறே. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டமும் அதனை அறிவிக்கவே பணிக்கிறது. கிடந்த இடத்தைவிட்டு எடுத்து விற்கப்பட்ட இரும்பு பாதி ஊமை. எங்கே, எந்த ஆழத்தில், எதனோடு கிடந்தது என்ற செய்தி பின் ஒருபோதும் திரும்பாது.

அவர்கள் செய்யத்தக்க சேகரிப்பு ஒன்று உண்டு. தம் ஊர் முதியோர் சொல்வதை எழுதி வைக்கலாம். கல்லில் இடம்பெறாத பெயர்களைத் திரட்டலாம். அதற்குச் சந்தையில் விலையில்லை. ஆயினும் இரும்பு சொல்ல மறுத்த மற்றைப் பாதி வரலாறு அங்கேதான் இருக்கிறது. அம்முதியோர் உள்ளவரைதான் இருக்கும்.